மாடி வீட்டில் மூன்றடி மீன் தொட்டி: கசிவைத் தேடியதும் ஒட்டை மாற்றியதும்

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். எங்கள் ஹாலில் இருக்கும் மீன் தொட்டியின் அளவு இது. சென்டிமீட்டரில் 90, 45, 45. விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால் சுமார் 160 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 8 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 30 கிலோவைத் தாண்டும். மணல், கல், மரக்கட்டை எல்லாம் சேர்த்தால், ஸ்டாண்டைக் கணக்கில் எடுக்காமலே 200 கிலோவுக்கு மேல் வந்துவிடுகிறது. வீடு பெங்களூரு அல்சூரில், இரண்டாவது மாடி, வாடகைக்கு. முதல் மாடியில் ஓசூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். எங்கள் தொட்டிக்கு நேர் கீழே அவர்களுடைய பூஜை அலமாரி.

உள்ளே இரண்டு ஏஞ்சல், ஒரு ரம்மி நோஸ் டெட்ராக் கூட்டம், மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும் கோரிடோரஸ் சில. ஏஞ்சல்கள் ஒரு ரூபாய் நாணய அளவில் வந்தவை. இப்போது உள்ளங்கை அகலம். சாப்பாட்டு டப்பாவை எடுத்தால் எங்கள் மகளை அடையாளம் கண்டு முன்கண்ணாடிக்கு வந்துவிடும்.

தொட்டி உடைந்துவிடுமோ, ஒட்டு விட்டுவிடுமோ என்ற நினைப்பு மீன் வளர்க்கும் பலருக்கும் வரும். எனக்கு அது அதிகமாகவே இருந்தது. ராத்திரி ஃபிரிட்ஜ் நின்று மறுபடி ஓடத் தொடங்கும் சத்தத்துக்கெல்லாம் எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவேன். ஊருக்குப் போனால் மனசு ஹாலிலேயே இருக்கும். 2022 டிசம்பரில் பெர்லினில் ஒரு ஹோட்டல் கூடத்தில் இருந்த அக்வாடோம் என்ற மாபெரும் உருளைத் தொட்டி அதிகாலையில் வெடித்தது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை பாய்ந்தது, உள்ளே இருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. அந்தச் செய்தியைப் பார்த்த பிறகு பயம் இன்னும் கூடியது. என் மனைவி ஒருநாள் நேராகவே கேட்டாள்: “இவ்வளவு பயந்துட்டு எதுக்குங்க வச்சுக்கணும்? யாருக்காவது குடுத்துடலாமா?” கொடுக்க மனசு வரவில்லை. அதனால் எதற்காகப் பயப்படுகிறேன், அது எந்த அளவுக்கு நடக்கக்கூடியது என்று காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கணக்கு அழுத்தம். தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தை மட்டுமே பொறுத்தது. தொட்டி எத்தனை அடி நீளமாக இருந்தாலும் சரி, 41 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 41 கிராம் அழுத்தம்தான். பெர்லின் தொட்டியின் உயரம் பத்து மீட்டருக்கும் மேல். அங்கே அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் மேல் அழுத்தியிருக்கிறது. அது கண்ணாடியும் இல்லை, துண்டுகளை ஒட்டிச் செய்த அக்ரிலிக். அதற்கு ஆனது எங்கள் வீட்டுத் தொட்டிக்கு ஆக வழியே இல்லை. ஆனாலும் சதுர சென்டிமீட்டருக்கு 41 கிராம் என்பதை அற்பமென்று தள்ளிவிட முடியாது. மேலே சுழியம், அடியில் 41, சராசரி இருபது கிராம் சொச்சம். முன்கண்ணாடியின் முழுப் பரப்புக்கும் கூட்டினால் 75 கிலோ வருகிறது. ஒரு பெரிய ஆள் ராத்திரி பகலாகச் சாய்ந்து நிற்கும் எடையை கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் மெல்லிய சிலிக்கான் பசைக் கோடுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கோடுகள் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

அடுத்தது கண்ணாடி. நம் ஊர்க் கடைகளில் ஒட்டித் தரும் சாதாரணத் தொட்டிகள் பெரும்பாலும் டஃபன்ட் செய்யாத, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்தாத, சாதா ஃப்ளோட் கண்ணாடிதான். காரின் பக்கக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டுத் துகள்களாகச் சிதறும், அது டஃபன்ட். சாதா கண்ணாடி அப்படிச் சிதறாது. அதில் கோடாக விரிசல் விழும், அந்தக் கோட்டின் வழியாகத் தண்ணீர் வரும். வேகமாகவும் வரலாம். ஆனால் தானாக ஒரு நள்ளிரவில் விரிசல் விழுவதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். அடிக்கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு கல் மாட்டியிருக்கலாம், ஸ்டாண்டு கோணலாக இருக்கலாம், தண்ணீர் மாற்றும்போது அணைக்காத ஹீட்டர் வெளியே தெரிந்து சூடேறி அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டு அதுவே வெடித்திருக்கலாம், அல்லது பெரிய கல் சரிந்து விழுந்திருக்கலாம். ஒவ்வொன்றும் கையால் சரிசெய்யக்கூடிய காரணம்.

சிவாஜி நகரில் தொட்டி செய்து விற்கும் பாய் ஒருவரிடம் இதையெல்லாம் கேட்டேன். “பாய், இது எத்தனை வருஷம் தாங்கும்?” என்றதற்கு அவர் சொன்னது இது: “கண்ணாடி அப்படியே இருக்கும் சார். பேஸ்டிங்குக்குத்தான் வயசாகும். பத்து வருஷம் தாண்டின டேங்கும் பாத்திருக்கேன், அஞ்சுல விட்டதும் பாத்திருக்கேன். ஸ்டாண்டு சாயாம லெவலா இருந்தா நீங்க தூங்கலாம்.”

தளத்தின் பலம் பற்றியும் சுருக்கமாக. வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற பயன்பாட்டுச் சுமைக்குக் கணக்கிடச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875. அறை முழுக்க அவ்வளவு சுமை பரவினால் என்று எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. மூன்றடித் தொட்டி ஒரே இடத்தில் நின்றாலும், சுவரோரமாக, பீமுக்குப் பக்கத்தில் வைத்தால் கான்கிரீட் தளத்துக்குப் பெரிய விஷயமில்லை. நான்கடி, ஆறடி என்று போகிறவர்கள் கட்டட இன்ஜினியர் ஒருவரைக் கேட்டுவிட்டு வைப்பதே சரி.

கணக்கெல்லாம் போட்டு மனசு கொஞ்சம் இறங்கியிருந்த நேரத்தில், ஸ்டாண்டின் பிளைவுட் விளிம்பு பின்பக்க இடது மூலையில் கறுத்திருப்பதைப் பார்த்தேன். தொட்டால் ஈரம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

தொட்டிக்குக் கீழே ஈரம் என்றால் ஒட்டு விட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யக்கூடாது. ஒட்டைத் தவிர வேறு பல வழிகளில் தண்ணீர் வெளியே வரும். மூடிக்கு அடியில் ஆவி படிந்து சொட்டி வெளிப்பக்கமாக வழியும். ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து கரண்ட் போனால், குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்து பம்பையே நனைக்கும். அதற்குத்தான் குழாய் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்கிறார்கள், விலை மிகக் குறைவு. தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் என்றால் அதன் தலைப்பகுதி ரப்பர் வளையம் (ஓ-ரிங்), குழாய் மாட்டும் நட்டு வழியாகவும் கசியும். ஹீட்டர் வயரைப் பிடித்துக்கொண்டும் ஒரு துளி இறங்கி வரலாம். நான் ஒவ்வொன்றையும் உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் துடைத்து, மறுபடி டிஷ்யூ சுற்றி வைத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்தே இருந்தன. மூலை மட்டும் மறுபடி ஈரமானது.

அடுத்து பக்கெட் சோதனை. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று வறண்டு போகும், தொட்டித் தண்ணீர் தானாகவே கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். எவ்வளவு ஆவி, எவ்வளவு கசிவு என்று பிரிக்க ஒரு வழி உண்டு. ஒரு பக்கெட்டில் அதே தொட்டித் தண்ணீரை நிரப்பிப் பக்கத்திலேயே வைத்து, தொட்டியின் மூடியையும் எடுத்துவிட்டு, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை மெதுவாக வைத்து, இரண்டிலும் மார்க்கர் பேனாவால் கோடு போட வேண்டும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவி. தொட்டி கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. எங்கள் தொட்டியில் இறக்கம் அதிகம், ஆனால் அதுவும் சில மில்லிமீட்டர்தான்.

அந்த மில்லிமீட்டர்கள்தான் என்னை நிதானப்படுத்தின. எங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.8 லிட்டர் தண்ணீர். சராசரியாக 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று எடுத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் ஒரு நாளுக்கு 4.3 லிட்டர். மட்டம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். எங்கள் கசிவு அதைவிட மெதுவானது. தரையைத் துடைத்துக்கொள்ளலாம், மீன்களுக்கு இடம் ஏற்பாடு செய்யலாம், பொருட்கள் வாங்கி வரலாம். ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து தொட்டியைக் காலி செய்ய வேண்டியதில்லை.

சரி, கசியும் இடம் எது? கீழே நனைந்திருக்கும் இடத்தை நம்பிப் பயனில்லை. உள்பக்கம் ஒரு இடத்தில் நுழையும் தண்ணீர், ஒட்டின் இடைவெளியில் ஓடி வேறொரு இடத்தில் வெளியே வரும். அதனால் தண்ணீர் மட்டத்தைக் குறைத்துப் பார்க்கும் முறையைப் பின்பற்றினேன். பாதி வரை இறக்கி மூலையைத் துடைத்து டிஷ்யூ ஒட்டி வைத்தேன். காய்ந்தே இருந்தது. ஆக, ஓட்டை பாதிக்கு மேலே. அப்புறம் இரண்டு விரல் இரண்டு விரலாகத் தண்ணீரை ஏற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் சில மணி நேரம் காத்திருந்தேன். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தைத் தாண்டியதும் டிஷ்யூ நனைந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த உயரத்தில் சிலிக்கான் விளிம்பு லேசாகத் தூக்கியிருந்தது. அதற்கு அடியில் பச்சையாகப் பாசி நுழைந்திருந்தது. வருடங்கள் ஆன தொட்டிகளில் பார்க்கிற விஷயம்தான் இது. சிலிக்கான் கண்ணாடியை விட்டு மயிரிழை அளவு விலகினால் போதும், பாசி உள்ளே இடம் பிடித்து மெல்ல மெல்ல அகலமாக்கும்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்வது முக்கியம். கண்ணாடித் தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடங்களில் இருக்கிறது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய அடுக்குதான் தொட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. உள் மூலைகளில் உருட்டி விட்ட பட்டை அந்த அடுக்கைத் தண்ணீரிலிருந்து காக்கிறது. பட்டை போனால் அதை மட்டும் மாற்றலாம். நடு அடுக்கு போயிருந்தால் தொட்டியை முழுக்கப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும், அது அனுபவப்பட்ட கை செய்ய வேண்டிய வேலை. எது போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு வெளியிலிருந்து ஒட்டை உற்றுக் கவனித்தால் போதும். சீரான நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளிநிறத் திட்டுகள் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை நீண்டிருந்தால் அங்கே பிடிமானம் இல்லை. எங்கள் தொட்டியில் அந்த ஒரு இடத்தில் மட்டும் நகத்தின் அளவுக்கு ஒரு வெள்ளிக் கீற்று. பாய்க்குப் படம் அனுப்பினேன். “உள் பட்டை மாத்துனா போதும் சார். ஆனா அந்த எடத்துல மட்டும் தடவாதீங்க, நாலு மூலையும் அடியும் சேத்து முழுசா மாத்துங்க” என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புதுச் சிலிக்கான் பழைய சிலிக்கான் மேல் சரியாகப் பிடிக்காது. உரியும் சுண்ணாம்புச் சுவர் மேல் பெயின்ட் அடித்த மாதிரிதான் ஆகும். ஒட்டுப்போட்ட விளிம்பிலேயே அடுத்த கசிவு தொடங்கும்.

கீழ் வீட்டில் சொன்னது

வேலையைத் தொடங்கும் முன் கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை நாள் என் பயத்தில் பாதி அவர்கள் வீட்டைப் பற்றியது. “ஐயா, மீன் தொட்டியில ஒரு மூலை லேசா கசியுது. உங்க பக்கம் இறங்கற அளவுக்கு இல்ல. ஆனா சொல்லிடணும்னு தோணுச்சு” என்றேன். அவர் மேலே வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “சரி பண்ற வரைக்கும் மீனுங்கள எங்க தம்பி விடுவீங்க?”

அன்றே அவரிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்தேன். மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீர் இறக்கும் குழாய் எங்கே என்று காட்டினேன். ஏதாவது ஆனால் முதலில் கரண்டை அணைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னேன். அவர் வீட்டுக் கூரையில் ஒரு ஈரக் கறை தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் போன் செய்யச் சொன்னேன். அதுவரை ஊருக்குப் போகும்போதெல்லாம் மனசில் உட்கார்ந்திருந்த கனம் அன்றைக்கே பெரும்பகுதி இறங்கிவிட்டது.

ஒட்டு வேலை

மீன்களுக்கு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம், புதிது, சோப்புப் படாதது. தொட்டித் தண்ணீரையே அதில் நிரப்பி, ஏர் ஸ்டோன் போட்டு, ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் உள்ளேயே போட்டேன். மீன் கழிவின் அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியா அவற்றில்தான் வாழ்கிறது. காய்ந்தாலோ காற்றில்லாமல் அடைபட்டிருந்தாலோ அது செத்துப்போகும், பிறகு சரிசெய்த தொட்டியில் மீன்கள்தான் கஷ்டப்படும். ஏஞ்சலை வலையில் பிடித்தால் துடுப்பு முள் மாட்டிக்கொள்ளும், அதனால் பெரிய பிளாஸ்டிக் டப்பாவை மூழ்கவைத்து அதற்குள் ஓட்டிச் சேர்த்தேன். டிரம்மின் வாயில் மெல்லிய துணி. குதிக்கும். டிரம்மில் இருந்தவரை சாப்பாடு மிகக் குறைவாகத்தான் போட்டோம்.

மிச்சத் தண்ணீர் பக்கெட் பக்கெட்டாகச் செடிகளுக்கும் பாத்ரூமுக்கும் போனது. 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது. அந்தக் கோடையைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கை வராது. மீன் தண்ணீர் கறிவேப்பிலைக்கு மிக நல்லது.

மணலை முழுக்க அள்ளிய பிறகுதான் தொட்டியைத் தூக்கினோம். கொஞ்சம் மணலும் தண்ணீரும் இருக்கட்டும் என்று தூக்கினால் அடிக்கண்ணாடி வளையும், நன்றாக இருக்கிற ஒட்டும் அதில் போகும். பெரியவரின் மருமகன் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். பால்கனியில் தடித்த தெர்மோகோல் மேல் வைத்து இரண்டு நாள் காயவிட்டேன்.

பழைய பட்டையை எடுப்பதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. புது பிளேடைக் கண்ணாடியோடு படுக்கவைத்து, மூலையை நோக்கி மெல்லத் தள்ளி உரிக்க வேண்டும். கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் அடுக்குக்குள் பிளேடு முனை போகவே கூடாது. பெரிய துண்டுகள் நாடாவாக வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மீந்திருக்கும், விரலால் தடவினால் அந்த இடத்தில் மட்டும் விரல் நழுவாமல் பிடிக்கும். அது போகிற வரை சுரண்ட வேண்டும். இதற்கு அவசரமே கூடாது. உடம்பு வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வது நல்லது. கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து இரண்டு முறை துடைத்தேன். ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்க வேண்டாம்.

சிலிக்கானும் அதைப் பிதுக்கும் கன்னும் எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். கடையில் கேட்கும்போது கவனம் தேவை. பாத்ரூம், சிங்க் ஓரங்களுக்கு விற்கும் சிலிக்கானில் பூஞ்சை வராமலிருக்க மருந்து கலந்திருக்கும், அது மீன்களுக்கு விஷம். மீன் தொட்டிக்கு என்று குறிப்பிட்டிருக்கும் நூறு சதவீதச் சிலிக்கான் வேண்டும். காயும்போது வினிகர் வாசனை வருகிற வகை அது. ட்யூபின் மேல் காலாவதித் தேதி இருக்கும், பார்க்க வேண்டும். பழையது எத்தனை நாள் ஆனாலும் சரியாக இறுகாது.

மூலையிலிருந்து இரு பக்கமும் ஏழெட்டு மில்லிமீட்டர் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். முதலில் நிற்கும் மூலைகள், பிறகு அடி. கன்னை ஒரே வேகத்தில் நிறுத்தாமல் இழுத்து, ஒரு மூலை முடிந்ததும் கையுறை போட்ட விரலால் மேலிருந்து கீழ் ஒரே இழுப்பில் அழுத்தித் தேய்த்தேன். சில நிமிஷத்தில் மேல்தோல் கட்டத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே டேப்பை உரிக்க வேண்டும். தோல் கட்டிய பிறகு உரித்தால் விளிம்பு பிய்ந்து வரும், பாசி நுழைய அதுவே வாசல். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டேப்பையும் நான் சொன்ன நொடியில் உரித்தாள். விளிம்பு நேர்கோடாக வந்ததற்கு அவள்தான் காரணம்.

இந்த வகைச் சிலிக்கான் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். மேலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்ற கணக்கு. மூலையில் பட்டை அதைவிடத் தடிமன். வினிகர் வாசனை துளிகூட இல்லாமல் போகிறவரை, ஒரு வாரம், தொட்டியைத் தொடவில்லை. மீன் டிரம்மில் இருக்கிறதே என்ற அவசரம் வரத்தான் செய்யும். அந்த நாட்களில் டிரம் தண்ணீரை அன்றாடம் கொஞ்சம் மாற்றினேன். காவிரித் தண்ணீரில் குளோரின் உண்டு, ஆன்டி குளோரின் சொட்டு விட்டுத்தான் ஊற்றினேன்.

பிறகு பால்கனியிலேயே சோதனை. கால் பங்கு, அரை, முக்கால், முழுசு என்று நிறுத்தி நிறுத்தி நிரப்பி, சுற்றிலும் செய்தித்தாள் விரித்து வைத்தேன். செய்தித்தாளில் ஒரு துளி பட்டாலும் வட்டம் தெரியும். முழுத் தண்ணீரோடு இரண்டு ராத்திரி நின்றது. காகிதம் காய்ந்தே இருந்தது.

ஸ்டாண்டும் மற்ற ஏற்பாடுகளும்

ஈரத்தில் ஊறிய பிளைவுட் ஸ்டாண்டை மறுபடி பயன்படுத்த விருப்பமில்லை. மூலை வீங்கினால் தொட்டியின் ஒரு பக்கம் தூக்கும், எல்லா ஒட்டும் முறுக்கு வாங்கும். சதுரக் குழாயில் வெல்டிங் செய்து பவுடர் கோட்டிங் அடித்த இரும்பு ஸ்டாண்டு செய்யக் கொடுத்தேன். மேலே தடித்த மரைன் பிளை, அதன்மேல் 12 மில்லிமீட்டர் தெர்மோகோல். அடிக்கண்ணாடி நேராக உட்காரும் தொட்டிக்குத் தெர்மோகோல் கட்டாயம், ஒரு சிறு மணல் துகள் மாட்டினாலும் அது உள்வாங்கிக்கொள்ளும். ரசமட்டம் வைத்து நீளம், அகலம், குறுக்கு மூன்றும் பார்த்தேன். கொஞ்சம் சாய்வு இருந்தது. சீர்செய்யும் தகடு ஸ்டாண்டின் காலுக்குக் கீழேதான் போக வேண்டும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே அட்டை சொருகினால் அந்த ஒரு புள்ளியில் முழு எடையும் இறங்கும்.

எலக்ட்ரிக் வேலை. எல்லா வயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு தடவை கீழே தொங்கி மேலேறும்படி வளைத்தேன், வயரைப் பிடித்து வரும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, டெஸ்ட் பட்டனை அழுத்திச் சரிபார்த்தேன். தண்ணீர் கொட்டினால் முதலில் உயிரைக் காப்பது அதுதான்.

எனக்கு மிகப் பெரிய நிம்மதி தந்தது விலை குறைந்த ஒரு பொருள்: மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம். அதே சாதனத்தில் பேட்டரியில் ஓடும் வகையை வாங்கி, அதன் இரண்டு வயர் முனைகளையும் ஸ்டாண்டின் கீழே ஒரு அகலத் தட்டில், தட்டோடு ஒட்டினாற்போல் பொருத்தினேன். சில ஸ்பூன் தண்ணீர் ஊற்றியதுமே வீடே எழும் அளவுக்குக் கத்தியது. மாதத்தின் முதல் ஞாயிறு அதே மாதிரி தண்ணீர் ஊற்றிப் பரிசோதிக்கிறேன்.

இன்னொன்று, ஒத்திகை. 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை பாத்ரூம் வரை நீளமாக வைத்து இறக்கிப் பார்த்தால் நிமிஷத்துக்குச் சுமார் பத்து லிட்டர் போகிறது. முழுத் தொட்டியே கால் மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் காலியாகும். விரிசல் பாதி உயரத்தில் இருந்தால் அந்த மட்டத்துக்குக் கீழே இறக்கினாலே கசிவு நின்றுவிடும். குழாய், வலை, மடித்த டிரம் துணி, பேட்டரி ஏர் பம்ப், பழைய துண்டுகள், டார்ச் எல்லாம் ஒரே டப்பாவில் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. டப்பா மூடியில் மகள் எழுதியிருக்கிறாள்: “முதலில் சுவிட்ச். அப்புறம் மீன். அப்புறம் தரை.”

ராத்திரி எழுந்து பார்ப்பதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். படுக்கப் போகும் முன் ஒரே ஒரு தடவை, டார்ச்சோடு, நான்கு மூலை, அடி விளிம்பு, ஃபில்டர் இணைப்பு, தண்ணீர்க் கோடு. பார்த்ததைக் காலண்டரில் ஒரு டிக் போட்டு முடித்துக்கொள்வேன். அதற்குப் பிறகு சத்தம் கேட்டால் எழுந்து போவதில்லை, அலாரம் கத்தினால் மட்டும்தான். ஆரம்பத்தில் படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது ஃபிரிட்ஜ் சத்தத்துக்கு விழிப்பு வருவதில்லை. பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பலத்த இடி இடிக்கும் ராத்திரிகளில் இன்னும் வரும். அப்போது மனைவியே காலண்டரைக் காட்டுவாள்.

இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சிலிக்கான் ட்யூப் திறந்தபின் மீதியை மூடி போட்டு வைத்தாலும் முனையிலிருந்து உள்ளே இறுகிக்கொண்டே போகும். அடுத்த தடவைக்கு ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள். ஜன்னல் ஓரம், சமையலறை மேடை என்று வீட்டில் எங்கேயாவது அதே வாரத்தில் பயன்படுத்தி முடித்துவிட்டு, தொட்டிக்கு வேண்டியபோது தேதி பார்த்துப் புதிது வாங்குங்கள்.